எடுக்கக் கூடாத அழைப்பு

அனற்றைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் நாள் நான் அவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை. தோளில் பழைய பாடசாலைப் பை, கையில் மடக்கு ஏணி, தலையில் ஹெல்மெட் என்று வாசலில் வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, "போன் பாக்கிற ஆள் எங்க, பின்னால வாறாரா?" என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி என் மேசையில், என் பைல்களுக்கு மேலேயே வைத்தார்.

"நான்தான் சேர் அந்த ஆள். எக்ஸ்சேஞ்ச் எந்த ரூம்ல இருக்கு?"

என் பெயர் றெஜினோல்ட். கண்டி நகரத்தில் கொப்பி, பைல் மட்டை, ரசீதுப் புத்தகம் எல்லாம் அச்சிட்டு மொத்தமாக விற்கும் அரூஸ் ஹாஜியாரின் நிறுவனத்தில் இருபத்தாறு வருடமாக எழுதுவினைஞன். எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. வெளியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு எல்லாம் முதலில் என் மேசையில்தான் ஒலிக்கும். புசல்லாவைக் கடைக்காரர் நூறு கொப்பி கேட்பார், பன்வில பாடசாலை அதிபர் பதிவுப் புத்தகம் கேட்பார், யாரோ ஒருவர் தவறான இலக்கத்தை அழுத்திவிட்டு என்னையே ஏசுவார். எல்லோரையும் சமாளித்து உரிய ஆளிடம் தள்ளிவிடுவது என் பொறுப்பு. எனக்குப் பொறுமை குறைவு என்று என் மனைவி சொல்வாள். அவள் எங்கள் அலுவலகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள்.

எங்கள் எக்ஸ்சேஞ்ச் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில், சுவரில் தொங்கிய ஓர் இரும்புப் பெட்டி. முப்பது வருடப் பழசு. அதிலிருந்து பதினாறு தொலைபேசிகளுக்குக் கம்பி போயிருந்தது, சுவருக்குள்ளால், கூரைக்கு மேலால், ஓரிடத்தில் குளியலறைக்குள்ளாலும்கூட. ஹாஜியாருக்கு இப்போது பிலிமத்தலாவையில் புதிய களஞ்சியம் ஒன்று. அங்கே உள்ளவர்களோடும் இங்கே இருப்பது போலவே பேச வேண்டும், அழைப்புகள் இணையம் வழியாகப் போக வேண்டும், ஆனால் ஊரெல்லாம் தெரிந்த பழைய இலக்கம் மாறக் கூடாது, பழைய பெட்டியையும் வீசக் கூடாது. இவ்வளவும் வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் மனதுக்குள் சிரித்தேன். அனற் சிரிக்கவில்லை.

"செய்யலாம் ஹாஜியார். பழசையும் புதுசையும் பேச வைக்கிற மாதிரி நடுவுல ஒரு சின்னப் பெட்டி வைப்போம். பழைய லைன் அதுக்குள்ள வரும், இன்டர்நெட்டும் அதுக்குள்ள வரும். உங்க பழைய எக்ஸ்சேஞ்சுக்கு ஒண்ணுமே தெரியாது, அது பாட்டுக்கு வேலை செய்யும்."

அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது. பன்வில பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா தொழிற்சாலை லொறியில் கிளீனர். கண்டியில் சிஸ்டர்மாரின் விடுதியில் தங்கிப் படித்து, உயர்தரம் முடித்ததும் தொழில்நுட்பக் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பாடநெறிக்குப் போனார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். கொழும்புக் கொம்பனி ஒன்றில் பதினொரு வருடம் ஏணி ஏறிவிட்டு, பிறகு தனியாகவே வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியிருந்தார். கணவருக்குப் பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடையில் வேலை, ஒரு மகள். இதெல்லாம் நான் துருவித் துருவிக் கேட்டு அறிந்தது. அவராக எதையும் சொல்லமாட்டார். கேட்பதுதான் அவர் பழக்கம்.

அந்தக் கேட்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கம்பியைத் தொடும் முன் அலுவலகத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் போய் நிற்பார். கையில் ஒரு கொப்பி. "இந்தப் போன்ல யார் யார் பேசுறீங்க? யாரோட? எதுக்கு?" மூன்றே கேள்வி. முதலாளியிடமும் அதே கேள்வி, கூட்டிப் பெருக்குகிறவரிடமும் அதே கேள்வி. எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. போன் பொருத்த வந்தவருக்குப் பொலிஸ் விசாரணை எதற்கு என்று அச்சகப் பையன்கள் கேலி செய்தார்கள்.

ஒரு நாள் நானும் கேட்டேன். கொம்பனி வேலைக்குச் சேர்ந்த புதிதில், புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்ட அலுவலகத்தில், பெயர் ஒட்டாத ஒரு கம்பியைச் செத்த கம்பி என்று நினைத்துக் கழற்றிவிட்டாராம். அது கீழ்ப் பிரிவு மருந்தகத்துக்குப் போன கம்பி. இரண்டு நாள் மருந்தகத்தை யாராலும் அழைக்க முடியவில்லை. நல்லகாலமாக அந்த இரண்டு நாளும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. "ஆகியிருந்தா?" என்று கேட்டுவிட்டு, கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

அப்படி ஒவ்வொருவராக வந்தவர் செல்லப்பாவிடமும் வந்தார். செல்லப்பா எங்கள் பியோன். வங்கிக்குப் போவது, தபால் எடுப்பது, ஒரு நாளைக்கு மூன்று தடவை எல்லோருக்கும் தேநீர் போடுவது அவர் வேலை. ஐம்பத்தெட்டு வயது, புசல்லாவைக்காரர், மனைவி இல்லை.

"அண்ணே, நீங்க ஆபீஸ் போன்ல பேசுவீங்களா?"

"ஐயோ, இல்லீங்க மிஸ். நம்மளோட யாரு பேசப் போறா."

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே யாரும் அவரோடு பேசுவதில்லை. அனற் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்.

அன்று அனற்றுக்கும் தெரியாத, எனக்கும் தெரியாத விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல்லப்பாவின் ஒரே மகள் கஜலட்சுமி இரண்டரை வருடமாக ரியாத்தில் ஒரு வீட்டில் பணிப்பெண். போய் நான்கு மாதத்திலேயே அவளுடைய கைபேசியை வீட்டு அம்மா வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்கிடையில் செல்லப்பா தன் போனைப் பஸ்ஸில் தொலைத்ததில் அவர் இலக்கமும் மாறிவிட்டது. மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இலக்கம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். பாடசாலைப் படிவங்களில் தகப்பனின் வேலைத்தல இலக்கம் என்று வருடா வருடம் எழுதிய எங்கள் அலுவலக இலக்கம்.

வெள்ளிக்கிழமை அந்த வீட்டு ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள். வீட்டு அம்மா மாடியில் இருப்பாள். சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுத் தொலைபேசி. அப்போது கஜலட்சுமி எங்கள் இலக்கத்துக்கு ரிங் கட் கொடுப்பாள். இரண்டு முறை மணி அடிக்கும், நின்றுவிடும். யாரும் எடுக்காத அழைப்புக்குக் கட்டணம் இல்லை, அதனால் அந்த வீட்டுப் பில்லில் எதுவும் விழாது. இரண்டு முறை அடித்தால் நான் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். போனில் பேச முடியாமல் போனால் என்று, போகும் முன்பே தகப்பனும் மகளும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இது.

எங்களுக்கு அப்போது பிற்பகல் இரண்டரை. அந்த நேரத்துக்கு செல்லப்பா ஒரு துணியை எடுத்துக்கொண்டு என் மேசைப் பக்கம் வந்து தொலைபேசியைத் துடைப்பார். அலுவலகத் தொலைபேசியைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஹாஜியாரின் கையெழுத்தோடு ஓர் அறிவித்தல் சுவரில் இருந்தது. அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு முறை அடித்து நின்றுவிடும் அழைப்பைப் பற்றி நான் வாராவாரம் முணுமுணுத்திருக்கிறேன். "விளையாட்டுக்குக் கோல் எடுக்கிறானுங்க" என்று சொல்லியிருக்கிறேன். செல்லப்பா துடைத்துக்கொண்டே, "ஆமாங்க சேர்" என்பார்.

அனற்றின் கறுப்புப் பெட்டி ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்தது. இரண்டு கொப்பி அளவுதான் இருக்கும், முன்பக்கம் வரிசையாகப் பச்சை விளக்குகள். அதோடு ஹாஜியாரின் ஆசைப்படி ஒரு வரவேற்பும் வந்தது. யார் அழைத்தாலும் முதல் மணியிலேயே பெட்டி தானாக எடுத்து, மூன்று மொழியிலும் வணக்கம் சொல்லி, விற்பனைக்கு ஒன்று, அச்சகத்துக்கு இரண்டு, கணக்குப் பிரிவுக்கு மூன்று என்று சொல்லும். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரு பெண் குரல். தமிழுக்கு என் குரல்.

பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம், எனக்குக் குரல் வளம் உண்டு. ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவன் நான். ஒன்பது தடவை பதிவு செய்து பத்தாவதைத்தான் வைத்துக்கொண்டோம். அடுத்த வாரம் முழுக்க என் கைபேசியிலிருந்து அலுவலகத்துக்கு அழைத்து என் குரலை நானே கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பன்வில அதிபர் வானொலி கேட்பது போல இருக்கிறது என்றார்.

அனற் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டார். "எதையும் அழுத்தாதவங்களோட கோல், கடைசியா உங்க மேசைக்கு வரட்டுமா சேர்?"

"வேணாம் மிஸ். அழுத்தத் தெரியாதவங்களையும், விளையாட்டுக்கு எடுக்கிறவங்களையும் இருபத்தாறு வருஷம் பாத்தாச்சு. ரெண்டு தரம் சொல்லிட்டுக் கட் பண்ணட்டும்."

அவர் சற்று யோசித்தார். பிறகு நான் சொன்னபடியே செய்தார்.

அந்த வெள்ளிக்கிழமை செல்லப்பா வந்து தொலைபேசியைத் துடைத்தார். மணி அடிக்கவில்லை. மேசை முழுவதையும் துடைத்தார், பிறகு கதிரைகளைத் துடைத்தார். மூன்று மணி வரை துடைத்தார். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். மூன்றாவது வெள்ளியில் துணி இல்லாமலே வந்து நின்றார். ஒரு மாதம் போனது. தேநீரில் சீனி இருக்காது, அல்லது இரண்டு தரம் இருக்கும். வங்கிப் புத்தகத்தைத் தபாலகத்தில் விட்டுவிட்டு வந்தார். நான் ஏசினேன். வயதுபோய்விட்டால் வீட்டில் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனார். மதிய நேரத்தில் அவர் வேலைவாய்ப்பு ஏஜென்சிக்கு நடந்து போனதும், "ஒண்ணும் இல்லன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம், போங்க" என்று அங்கே அனுப்பிவிட்டதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

எட்டு வெள்ளிக்கிழமைகள் அப்படிப் போயின.

ஒன்பதாவது வாரம் புதன்கிழமை அனற் வந்தார். வேலை முடிந்து இரண்டு மாதத்தில் காசு கேட்காமல் ஒரு தடவை திரும்பி வந்து பார்ப்பது அவர் வழக்கம். அதே கொப்பியோடு ஒவ்வொருவரிடமும் போனார். இப்போது கேள்வி வேறு: "பழைய மாதிரி இல்லாம எதாவது மாறியிருக்கா?" எனக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். அவர் எக்ஸ்சேஞ்ச் அறைக்குள் போனதும் செல்லப்பா தேநீரோடு பின்னால் போவதைக் கண்டேன். வெகுநேரம் வெளியே வரவில்லை. தேநீர் கொடுக்க இவ்வளவு நேரமா என்று ஏசுவதற்காகத்தான் எழுந்து போனேன்.

செல்லப்பா தரையில் குந்தியிருந்தார். அனற்றும் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"...அதுதாங்க மிஸ் கேக்குறேன். இந்தப் புதுப் பெட்டி மணி அடிக்க விடாதுங்களா? இல்ல, எம் புள்ளதான் கோல் எடுக்கலயா? அத மட்டும் சொல்லுங்க. பெட்டியில கோளாறுன்னா எனக்குக் கவல இல்ல."

அனற்றின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எங்கம்மா குவைத்ல ஆறு வருஷம் இருந்தாங்க அண்ணே," என்றார். "எனக்குப் பதினொரு வயசு. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் நாங்க எல்லாரும் கடை வாசல்ல போய் நிப்போம். அம்மா கடை போனுக்கு ரிங் கட் குடுப்பாங்க. கடைக்காரரு கையக் கூட வைக்கமாட்டாரு. ஆறு வருஷம் அப்படித்தான் அம்மாவத் தெரியும் எனக்கு." கொப்பியில் செல்லப்பாவின் பெயருக்கு நேரே போட்டிருந்த கோட்டில் விரலை வைத்தார். "நான் வந்து உங்ககிட்ட, பேசுவீங்களான்னு கேட்டேன். உங்களுக்காக மணி அடிக்குமான்னு கேக்கல. நான் கேட்டிருக்கணும். வேற யாரு கேக்காட்டியும் நான் கேட்டிருக்கணும்."

பிறகு மடிக்கணினியை எடுத்து அந்தக் கறுப்புப் பெட்டியோடு இணைத்தார். வந்த அழைப்பு ஒவ்வொன்றையும், எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று அது எழுதி வைத்திருந்தது. சவூதி இலக்கத்தில் தொடங்கும் அழைப்புகள் நான்கு. நான்கும் வெள்ளிக்கிழமை, இரண்டரையைத் தாண்டி ஓரிரு நிமிடத்தில்.

"கோல் எடுத்திருக்கா அண்ணே. முதல் நாலு வெள்ளியும் எடுத்திருக்கா."

செல்லப்பா இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டார்.

முதல் வெள்ளி ஆறு வினாடி. சிங்களக் குரலைக் கேட்டுப் பயந்து வைத்திருப்பாள். இரண்டாவது, ஒன்பது வினாடி. மூன்றாவது, நாற்பது. தமிழ் வணக்கம் வருவது இருபத்தாறாவது வினாடியில் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை தடவை கேட்டவன் நான். நான்காவது வெள்ளி ஒரு நிமிடமும் இருபது வினாடியும். முழு வரவேற்பையும் இரண்டு தரம் கேட்டிருக்கிறாள், பெட்டியே துண்டிக்கும் வரைக்கும். நான்கு நாளும் எதையும் அழுத்தவில்லை. எதை அழுத்துவாள்? செல்லப்பாவுக்கு என்று நாங்கள் ஓர் இலக்கமும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு வாரம் எதுவும் இல்லை.

பெட்டி எடுத்துவிட்டால் அது பேசிய அழைப்பு. பேசிய அழைப்புக்குப் பணம் விழும். மாத முடிவில் அந்த வீட்டுக்கு வரும் பில்லில் இலங்கை இலக்கம் நான்கு தடவை இருந்திருக்கும். இது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தது என் குரல். அழுத்தாதவர்களின் அழைப்பு என் மேசைக்கு வர வேண்டாம் என்று சொன்னதும் நான். செல்லப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்க வரவில்லை, ஏதோ உளறினேன். அவர், "உங்களுக்கு எப்படிங்க சேர் தெரியும்" என்றார். ஏசியிருந்தால் தேவலை.

அனற் நேரே ஹாஜியாரின் அறைக்குப் போனார். சொல்ல வேண்டாம் மிஸ், வேலை போயிரும் என்று செல்லப்பா கெஞ்சியும் நிற்கவில்லை. நானும் கூடப் போனேன். இந்த ஒரு தடவையாவது சரியான இடத்தில் நிற்க வேண்டும் என்று தோன்றியது. அனற் நடந்ததைச் சொல்லி, தவறு தன்னுடையது, பெட்டியைத் தானே எடுக்காதபடி மாற்ற வேண்டும் என்றார். ஹாஜியாருக்குப் பிடிக்கவில்லை. வரவேற்புக் குரலை ஊரே புகழ்கிறது, ஒரு ரிங் கட்டுக்காக அதை நிறுத்துவதா என்றார்.

"முழுசா வேணாம் ஹாஜியார். வெள்ளிக்கிழமை ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் மட்டும். அந்த நேரத்துல பெட்டி எடுக்காம மணிய மட்டும் உள்ள விடும். யாராவது ரிசீவரத் தூக்கினாத்தான் கோல் இணையும்."

"அதென்ன கரெக்டா அந்த நேரம்?" என்று கேட்டவர், தானே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "நமக்கு ரெண்டரை எண்டா அங்க பன்னெண்டு. ஜும்ஆ நேரம்." பிறகு வாசல் பக்கம் பார்த்தார். செல்லப்பா வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"செல்லப்பா, எனக்கிட்ட ஒரு வார்த்தை செல்லியிருக்கலாமே. நானும் புள்ள பெத்தவன்தானே." பிறகு அனற்றிடம், "வெள்ளி மட்டும் போடாதீங்க தங்கச்சி. ரெண்டு பெருநாள் தொழுகை நேரத்தையும் போடுங்க. அன்டைக்கும் வீட்டுல ஆக்கள் இருக்கமாட்டாங்க."

"பெருநாளைக்கு ஆபீஸ் மூடியிருக்குமே ஹாஜியார்," என்றேன்.

"செல்லப்பாக்கிட்ட சாவி ஈக்குதானே."

பெட்டியைச் சரிசெய்ய கால் மணிநேரம்கூட ஆகவில்லை. ஆனால் அது சரியானது ரியாத்தில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்? இனி அவள் இந்த இலக்கத்தைத் தொடவே பயப்படுவாள். அவளுடைய வீட்டு இலக்கம் இப்போது கணினித் திரையில் இருந்தது. மகளின் கைபேசி பறிபோன நாளிலிருந்து அவளைச் சேர ஒரு வழி செல்லப்பாவின் கண் முன்னால் வந்தது அன்றுதான். அழைத்துப் பேசிவிடுவோம் என்றேன் நான், என் குணப்படி. அனற் என்னைத் தடுத்தார். "அது செல்லப்பா அண்ணே சொல்லணும்."

செல்லப்பா அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச வேண்டும் என்ற ஆசை முகத்தில் அப்படியே தெரிந்தது.

"பேச வேணாங்க," என்றார் கடைசியில். "பேசுனா அவளுக்குத்தான் இன்னும் தொல்ல. மிஸ், நம்மளும் ரிங் கட் குடுக்க ஏலுங்களா? வெள்ளிக்கெழம, அதே நேரத்துக்கு?"

வெள்ளிக்கிழமை அனற் கட்டுகஸ்தோட்டையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். இணைய லைனில் அழைத்தால் அங்கே அறியாத இலக்கம் ஏதாவது விழும், பழைய லைனிலேயே அழைப்போம், நம் இலக்கம்தான் அவளுக்குத் தெரியும் என்று அதற்கேற்றபடி மாற்றினார். இரண்டு முப்பத்திரண்டுக்கு அவர் எண்களை அழுத்தினார். ரிசீவர் செல்லப்பாவின் காதில். அங்கே மணி ஒரு முறை அடிப்பது எனக்கும் மெல்லக் கேட்டது. இரண்டாவது அடித்தது. செல்லப்பா வைத்துவிட்டார்.

பிறகு காத்திருந்தோம். வேறு யாராவது கேட்டிருந்தால்? மேல்மாடியிலிருந்து அந்த அம்மா இறங்கி வந்திருந்தால்? கஜலட்சுமி இப்போது அந்த வீட்டிலேயே இல்லையென்றால்? ஐந்து நிமிடம் போனது. செல்லப்பாவின் உதடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது, எந்தச் சாமியை வேண்டினாரோ தெரியாது. நான் என் சாமியை வேண்டினேன்.

இரண்டு நாற்பதுக்கு என் மேசையில் மணி அடித்தது. இருபத்தாறு வருடப் பழக்கத்தில் என் கை தானாகப் போனது. அனற் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது முறை அடித்தது. நின்றது.

செல்லப்பா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லா இருக்கா, நல்லா இருக்கா என்று சொன்னார். அனற் கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும்தான். அந்த நான்கு வாரம் அவளுக்கு என்ன நடந்தது என்பதை இரண்டு முறை அடித்த மணியால் சொல்ல முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அவள் இருக்கிறாள், எழுந்து நடமாடுகிறாள், தொலைபேசிக்குப் பக்கத்தில் வர முடிகிறது. இப்போதைக்கு அது போதும் என்று நான் எழுந்தேன்.

மறுபடியும் மணி அடித்தது. இரண்டு முறை, நின்றது. ஒரு நிமிடம் ஆவதற்குள் மறுபடியும் இரண்டு. ஏதோ ஆபத்து என்று நான் பயந்தேன். ஒரே அழைப்பில் மணி நிற்காமல் மூன்றுக்கு மேல் அடித்தால்தான் ஆபத்து, இது அப்படி இல்லை என்று செல்லப்பா கையைக் காட்டினார். மறுபடியும் இரண்டு. ஹாஜியார் அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். அச்சகத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். யாரும் தொலைபேசியைத் தொடவில்லை. செல்லப்பா மட்டும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தார். ஒரு கை முடிந்து மற்றக் கைக்குப் போனார்.

பிறகு அடிக்கவில்லை. அவர் மடக்கிய விரல்களைப் பார்த்துவிட்டு அனற்றைப் பார்த்தார்.

"ஒம்பது மிஸ். விட்டுப்போன எட்டும், இன்னிக்கி ஒண்ணும். ஒரு வாரத்தக்கூட விடல்ல எம் புள்ள."